தெரபி நாய் சேவை: கருப்பனுக்கு ஐந்துக்கு ஐந்து, ஏற்பாட்டுக்கு மூன்றரை

தெரபி நாய்க்கெல்லாம், அதாவது மனம் உடைந்தவர்களுக்கு ஆறுதலாகக் கூட்டிவரும் நாய்க்கெல்லாம், ரிவ்யூவா என்று கேட்பீர்கள். ஹோட்டலுக்கு எழுதுகிறோம், மிக்ஸிக்கு எழுதுகிறோம், இதற்கு எழுதினால் என்ன? காசு வாங்காமல் செய்கிறார்கள் என்பதாலேயே யாரும் இதில் நல்லது கெட்டது பார்ப்பதில்லை, நாய் படத்துக்குக் கீழே நாலு இதயத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வீடு எரிந்துபோய் உட்கார்ந்திருக்கிறவர்கள் முன்னால் யார், எந்த நாயைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்று கேட்பாரே இல்லை. அதனால் நான் பார்த்ததையும், பார்த்த பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இடம் கலிஃபோர்னியாவில் பாசடீனா. 2025 ஜனவரி 7 மாலை ஈட்டன் பள்ளத்தாக்கில் பிடித்த தீ, சாண்டா ஆனா என்ற வறண்ட பலத்த காற்று அடித்த அடியில் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்து ஊரான ஆல்டடீனாவுக்குள் இறங்கிவிட்டது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. எங்கள் நண்பர் வீடும் அதில் ஒன்று. காரில் ஏற்ற முடிந்தது பாஸ்போர்ட், மருந்துப் பை, மாற்றுத் துணி, அவ்வளவுதான். பேத்தியோடு கொஞ்ச நாள் இருக்கலாம் என்று திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த நண்பரின் அம்மாவும் கூட இருந்தார். பிறகு நிவாரண மையம் திறந்தார்கள். ஃபீமா என்ற மத்திய அரசுப் பேரிடர் அமைப்பின் மேசை, கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகத்தின் மேசை, இன்ஷூரன்ஸ் மேசை என்று ஒவ்வொன்றிலும் அதே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஃபாரம், ஒவ்வொரு ஃபாரத்திலும் எரிந்துபோன வீட்டின் விலாசம். நண்பருக்குத் துணையாக, அம்மாவுக்கு மொழிபெயர்க்க, குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்று நானும் அவர்களோடு போய்க்கொண்டிருந்தேன். அந்த வரிசைகளுக்கு நடுவில்தான் நாய்கள் வந்தன.

மேலே போவதற்கு முன் ஒரு விஷயம், ஏனென்றால் நம் வாட்ஸப் குழுக்களில் இதையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். கண் தெரியாதவருக்கு வழிகாட்டுவது, வலிப்பு வந்தால் உதவுவது எல்லாம் சர்வீஸ் நாய். அது ஒரே ஒருவருக்காகப் பழக்கப்பட்டது, சட்டப்படி கடைக்குள்ளும் விமானத்துக்குள்ளும் நுழைய உரிமை உண்டு, வேலையில் இருக்கும்போது அதை நாம் தொடக்கூடாது. எமோஷனல் சப்போர்ட், அதாவது சொந்தக்காரரின் மன ஆறுதலுக்கு, என்று சொல்லி விமானத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது வேறு ரகம், அதை ஏற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு 2021-இலிருந்து இல்லை. தெரபி நாய் மூன்றாவது ரகம். யாரோ ஒருவர் வீட்டில் வளரும் நாய், அவரோடு சேர்ந்து பரீட்சையில் தேறியது, கூப்பிட்ட இடத்துக்கு மட்டும் வரும், முன்பின் தெரியாத ஆட்கள் தொட்டால் அமைதியாக இருப்பதுதான் அதன் வேலையே. சலுகை எதுவும் கிடையாது, வாசலில் வேண்டாம் என்றால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

சரி, கருப்பனுக்கு வருவோம். பெயர் நண்பரின் எட்டு வயது மகள் வைத்தது. நிஜப் பெயர் கழுத்துப் பட்டையில் எழுதித் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை, நாயைக் கூட்டிவந்த ஹேண்ட்லரும் திருத்தவில்லை. கறுப்பு உடம்பு, நெஞ்சில் கொஞ்சம் வெள்ளை, தலையைப் பார்த்தால் பிட்புல் இனக் கலப்பு என்று தெரிந்தது, இடது காதில் பாதி இல்லை. விளம்பரத்தில் வரும் பொன்னிற நாய்களோடு பக்கத்தில் நிற்க வைத்தால் யாரும் இதை முதலில் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

ஹேண்ட்லர் வயதான அம்மா ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அவர் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவையின் தரமே அங்கேதான் இருக்கிறது. நேராக நாயோடு வந்து மேலே விழவில்லை. ஆறேழு அடி தள்ளி நின்றுகொண்டு, எங்கள் கண் அவர் பக்கம் போகும்வரை காத்திருந்து, "பார்க்கணுமா?" என்று குழந்தையிடம் கேட்டார், பிறகு அவள் அப்பாவிடமும் கேட்டார். சரி என்றதும் எல்லார் கையிலும் சானிடைசர். நாயை முகத்துக்கு நேராக நிறுத்தாமல் பக்கவாட்டில் கொண்டுவந்து உட்கார வைத்து, தானும் அதன் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையை அதன் தோளிலிருந்து எடுக்கவே இல்லை. நாய் ஷாம்பூ வாசனையோடு இருந்தது, வருவதற்கு முன் குளிப்பாட்டியே தீர வேண்டும் என்பது விதியாம். பாதங்களைத் துடைத்துத்தான் உள்ளே கூட்டிவந்திருந்தார், வெளியே எங்கு பார்த்தாலும் சாம்பல், அந்தச் சாம்பலில் ஈயம், ஆஸ்பெஸ்டாஸ் எல்லாம் இருக்கும் என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்த நேரம் அது.

குழந்தை அந்தப் பாதிக் காதின் ஓரத்தைத்தான் பிடித்தாள். விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். நாய் மெதுவாகத் தன் உடம்புப் பாரத்தை அவள் முழங்கால் மீது சாய்த்தது. ரொம்ப நேரம் கழித்து, எங்கள் யாரிடமும் கேட்காத கேள்வியை ஹேண்ட்லரிடம் கேட்டாள்: தொட்டியில் விட்டுவிட்டு வந்த மீன்களுக்கு வலித்திருக்குமா?

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானாக இருந்தால் "இல்லடா, ஒண்ணும் ஆகியிருக்காது" என்று ஏதாவது புளுகியிருப்பேன். அந்த அம்மா புளுகவில்லை. தனக்குத் தெரியவில்லை என்றார், அந்த மீன்களை ரொம்பப் பிடிக்குமா என்று கேட்டார், பெயர் வைத்திருந்தாயா என்றார். அவ்வளவுதான், குழந்தை ஒவ்வொரு மீனாகப் பெயர், நிறம், எது எதைத் துரத்தும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள், கையோ காதிலிருந்து இறங்கவே இல்லை. நண்பர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நாய் செய்ததில் பாதி, ஹேண்ட்லர் செய்ததில் பாதி என்று சொல்வேன். நாய் இல்லாமல் அந்த அம்மா மட்டும் வந்து உட்கார்ந்திருந்தால் குழந்தை வாயைத் திறந்திருக்க மாட்டாள், அந்த அம்மா இல்லாமல் நாய் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கேள்வி அந்தரத்தில் நின்றிருக்கும்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது, மற்ற சில பேருக்குப் பிடிக்காமல் போனது. பின்னால் இன்னும் நாலைந்து குடும்பங்கள் நாயைத் தொடக் காத்திருந்தன. ஒருவர் குனிந்து அதன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சினார். நாய் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பியது, மூக்கை நக்கிக்கொண்டது, கொட்டாவி விட்டது. பார்க்கிறவர்களுக்கு அது தூக்கம். நாய் வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது "போதும்" என்று சொல்கிற விதம். ஹேண்ட்லர் உடனே எழுந்து, இன்றைக்கு இவ்வளவுதான், இவனுக்கு ஓய்வு வேண்டும் என்று சிரித்தபடியே சொல்லிவிட்டு வெளியே கூட்டிப்போய்விட்டார். காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். வீடே போன மனுஷனைவிட நாய்க்கு ஓய்வு முக்கியமா என்று ஒருவர் கேட்கவே செய்தார். கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் களைத்துப்போன நாயை இழுத்துப்பிடித்து உட்கார வைத்து, அது ஐந்தாவது குடும்பத்துக் குழந்தையைப் பார்த்து ஒரு தடவை உறுமினால் போதும், அந்தக் குழந்தைக்கு இன்னொரு பயம் சேர்ந்துவிடும். பெட் பார்ட்னர்ஸ் என்ற தெரபி விலங்கு அமைப்பு, 1977-இலிருந்து இருக்கிறது, ஒரு தடவை போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விலங்கை வேலை வாங்கக்கூடாது என்று விதியே வைத்திருக்கிறது. உன் விலங்குக்காக வாதாட வேண்டிய வக்கீல் நீதான் என்பது அவர்கள் ஹேண்ட்லர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம்.

இப்போது காது விஷயம். பார்த்தவர் எல்லாரும் கேட்டார்கள், காது என்ன ஆச்சு, யார் அடித்தார்கள், சண்டைக்கு விட்டிருந்தார்களா? அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொன்னார்: தெரியாது, விலங்குக் காப்பகத்திலிருந்து எனக்கு வரும்போதே அப்படித்தான். கேட்டவர்களுக்கு ஏமாற்றம். நமக்கு ஒரு கதை வேண்டும். அடிபட்ட நாய், அநாதையான நாய், தன் வலியை வைத்து நம் வலியைப் புரிந்துகொள்கிறது என்று யாராவது சொன்னால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எனக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. எங்கள் வீட்டு நாயும் காப்பகத்திலிருந்து வந்ததுதான், அதுவும் படாதபாடு பட்டதுதான், இன்றுவரை கூரியர் வண்டி தெருவில் திரும்பினால் வீட்டை இரண்டாக்குகிறது. அதைக் கொண்டுபோய் நிவாரண மையத்தில் விட்டால் மையத்துக்கே நிவாரணம் தேவைப்படும். கஷ்டப்பட்டது தகுதி ஆகிவிடாது. இந்த வேலைக்கு வேண்டியது ஒன்றுதான், அந்நியர்களைப் பார்த்தால் நிஜமாகவே சந்தோஷப்படும் குணம். சில நாய்களுக்கு எத்தனை அடிபட்டாலும் அது மிச்சமிருக்கும், சிலதுக்கு ராஜபோகமாக வளர்ந்தாலும் இருக்காது.

இதற்கு நல்ல உதாரணம் 2007-இல் வர்ஜீனியாவில் மாட்டிய நாய்ச்சண்டை வழக்கு. மைக்கேல் விக் என்ற அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரத்தின் இடத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது பிட்புல்களைப் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் சண்டை நாய் என்றால் பிடித்ததும் ஊசி போட்டுக் கொன்றுவிடுவதுதான் வழக்கம், பெரிய விலங்குநல அமைப்புகளே அதைத்தான் சொல்லின. இந்தத் தடவை ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகப் பரிசோதித்துப் பார்த்தார்கள். வெறிபிடித்துப் பாயும் என்று எதிர்பார்த்துப் போனவர்கள் கண்டது தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நகராமல் கிடந்த நாய்களை. 47 பிழைத்தன. பராமரிப்புக்காக விக் ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. லியோ என்ற நாய் தெரபி நாயாகிப் புற்றுநோயாளிகளைப் பார்க்கப் போனது, ஜானி என்ற நாய் சான்ஃப்ரான்சிஸ்கோவில் உட்கார்ந்து குழந்தைகள் புத்தகம் வாசிக்கக் கேட்டது. இந்த இரண்டு பெயரையும்தான் எல்லாரும் சொல்வார்கள். 22 நாய்களை யூட்டா மாநிலத்தில் கேனப் ஊரில் இருக்கும் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் சரணாலயம் எடுத்துக்கொண்டது, அவற்றில் சில கடைசிவரை எந்த வீட்டுக்கும் போக முடியாத அளவுக்குப் பயந்துபோய் அங்கேயே காலம் கழித்தன. ஒரே கொட்டடி, ஒரே கொடுமை, ஆனால் தெரபி நாயானது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிலதுதான். அப்படி ஆகாததால் மற்ற நாய்கள் தோற்றுப்போனவை ஆகிவிடாது. உயிரோடு, பயமில்லாமல் ஒரு மூலையில் வெயில் காய்ந்தால் அதுவே போதாதா?

பழைய கதை இன்னும் சுவாரசியம். இரண்டாம் உலகப்போரில், 1944-இல், நியூகினி காட்டில் ஒரு பதுங்குகுழியில் அகப்பட்ட குட்டியூண்டு யார்க்‌ஷயர் டெரியர், எடை இரண்டு கிலோகூட இல்லை, யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பில் வின் என்ற அமெரிக்கச் சிப்பாய் அதை இரண்டு ஆஸ்திரேலிய பவுண்டுக்கு வாங்கி ஸ்மோக்கி என்று பெயர் வைத்தார். அவருக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது நண்பர்கள் நாயைக் கொண்டுவந்து காட்ட, நர்சுகள் அதைக் காயம்பட்ட மற்ற சிப்பாய்களிடமும் தூக்கிக்கொண்டு போனார்கள். உலகத்தின் முதல் தெரபி நாய் என்று இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். ஜப்பானில் சிரோரி என்று ஒரு தெருநாய், பின்னங்கால் ஊனம், 1992-இல் தன் ஐந்து குட்டிகளோடு கொல்லப்பட இருந்த நேரத்தில் டோரு ஓகி என்ற ப்ளூஸ் பாடகர் காப்பாற்றிப் பழக்கினார், டோக்கியோவில் அதற்குச் சிலையே இருக்கிறது. 2011 சுனாமிக்கும் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கும் பிறகு, ஆட்கள் அவசரமாக வெளியேறியபோது விடப்பட்ட நாய்களையும் ஓகியின் சங்கம் எடுத்துப் பழக்கியது. ஊரே இடம்பெயர்ந்தபோது பின்னால் நின்றுபோன நாய்கள் அவை. தீ நேரத்தில் பாசடீனா விலங்குக் காப்பகத்தில் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்த வளர்ப்பு விலங்குகளைப் பார்த்த எங்களுக்கு அது என்ன என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காப்பகத்து நாய் எப்படி இங்கே வந்து சேர்கிறது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன், சந்தோஷமாகச் சொன்னார். முதலில் ஒன்றும் செய்யக்கூடாதாம். சாப்பாடு, தூக்கம், அதே நேரத்தில் அதே நடை, அவ்வளவுதான். காப்பகத்திலிருந்து வந்த நாய் முதல் சில நாள் பயந்து ஒடுங்கும், சில வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதம் ஆனால்தான் சுயரூபம் தெரியும் என்பது அங்கே எல்லாரும் சொல்லும் கணக்கு. பெட் பார்ட்னர்ஸ் விதிப்படி நாய்க்குக் குறைந்தது ஒரு வயது ஆகியிருக்க வேண்டும், ஹேண்ட்லர் வீட்டில் ஆறு மாதமாவது இருந்திருக்க வேண்டும். கருப்பனுக்கு அதெல்லாம் போதவில்லை. இரும்புத் தட்டு கீழே விழுந்தால் மேசைக்கடியில் ஓடிவிடும், அது போகவே ரொம்ப காலம் பிடித்தது என்றார். தட்டைப் பக்கத்து அறையில் மெதுவாகத் தட்டுவது, கூடவே கோழித்துண்டு, அடுத்த வாரம் கொஞ்சம் கிட்டே, இப்படியே.

பரீட்சை என்னென்ன என்று கேட்டபோதுதான் எனக்கு இந்தச் சேவை மேல் மரியாதை கூடியது. உட்கார், படு, இரு, வா, இதெல்லாம் சும்மா ஆரம்பம். முன்பின் தெரியாத ஆள் தாறுமாறாகத் தடவுவார், இறுக்கிக் கட்டிப்பிடிப்பார். ஒருவர் தள்ளாடிக்கொண்டு கையை ஆட்டியபடி வருவார். பின்னாலிருந்து இடிப்பார்கள். பக்கத்தில் இரண்டு பேர் கோபமாகக் கத்திச் சண்டை போடுவார்கள். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சூழ்ந்துகொண்டு தொடுவார்கள். கீழே கிடக்கும் பொம்மையைத் தாண்டிப் போக வேண்டும், எதிரே வரும் இன்னொரு நாயைக் கண்டுகொள்ளக்கூடாது. இதில் நாய்க்கு மட்டும் மார்க் கிடையாது, ஹேண்ட்லருக்கும் உண்டு, நாய் கலங்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மறுபடி தேற வேண்டும்.

இதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் போகத்தான் தகுதி. பேரிடர் இடம் வேறு. அங்கே சைரன், ஜெனரேட்டர் சத்தம், அழுகை, புகை நாற்றம், யார் எப்போது உடைந்துபோவார்கள் என்று சொல்ல முடியாத கூட்டம். 1995-இலேயே ஓக்லஹோமா நகரக் குண்டுவெடிப்பு நடந்த பிறகு அங்கே தெரபி நாய்கள் போயிருக்கின்றன. 1998-இல் ஓரிகன் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது, சிண்டி ஏலர்ஸ் என்பவர் தன் நாயோடு மாணவர்களைப் பார்க்கப் போனார், அந்த அனுபவத்திலிருந்து முளைத்ததுதான் ஹோப் என்ற அமைப்பு. நெருக்கடி இடத்துக்குப் போகும் நாய்களுக்கும் ஆட்களுக்கும் தனிப் பயிற்சி வேண்டும் என்பதை நடைமுறையாக்கியவர்கள் இவர்கள். ஹேண்ட்லருக்கு மனநல முதலுதவி சொல்லிக்கொடுக்கிறார்கள்: அறிவுரை சொல்லாதே, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாதே, உனக்குத் தெரியாததைத் தெரிந்தமாதிரி பேசாதே. மீன் கேள்விக்கு அந்த அம்மா பதில் சொன்ன விதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பொன்னிற நாய்களையும் குறை சொல்ல மாட்டேன். இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த லூத்தரன் சர்ச் அமைப்பு ஒன்று கோல்டன் ரெட்ரீவர்களைக் குட்டியிலிருந்தே இதற்கென்று பழக்குகிறது, 2012 டிசம்பரில் நியூடவுன் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு அந்த ஊருக்கு அந்த நாய்களும் போயின. எந்தக் குணம் வரும் என்று ஓரளவு முன்னாலேயே தெரிந்து வளர்ப்பதில் பாதுகாப்பு அதிகம், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். காப்பகத்து நாயிடம் அதன் பழைய வாழ்க்கை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடித் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், கருப்பனுக்கு இரும்புத் தட்டு மாதிரி. ஆனால் அந்தத் தேடலை ஒழுங்காகச் செய்தவர் கையில் இருந்தால் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

நண்பரின் அம்மா விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அவர் நாயைத் தொடவில்லை, கடைசிவரை தொடவே இல்லை. சின்ன வயதில் ஊரில் நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்டவர், நாய் என்றால் வாசலோடு நிற்க வேண்டியது என்று நினைக்கிறவர். ஹேண்ட்லர் இதை எப்படிக் கண்டுபிடித்தாரோ, அம்மா காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டதைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது, நாயை உடனே தன் மறுபக்கத்துக்கு மாற்றிப் படுக்க வைத்துவிட்டார். தொட்டுத்தான் பாருங்களேன், கடிக்காது, ஒண்ணும் பண்ணாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதற்கே தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். அம்மா தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு என்ன சாப்பாடு போடுறாங்கன்னு கேளு தம்பி" என்றார். கேட்டுச் சொன்னேன். அப்புறம் எத்தனை வேளை, யார் குளிப்பாட்டுவது, ராத்திரி எங்கே படுக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, தாத்தாவின் படம் பூஜை அலமாரியிலேயே நின்றுவிட்டது என்று திடீரென்று சொன்னார், அதையும் மொழிபெயர்க்கச் சொன்னார். மகனிடம் அதுவரை அதைச் சொல்லவில்லை.

இப்போது குறைகள். நாய்கள் எப்போது வரும் என்று ஒரு அறிவிப்பு கிடையாது. குழந்தை கருப்பனைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று கிளம்பி வந்து, அன்றைக்கு நாயே இல்லாமல் முகம் தொங்கிப்போய்த் திரும்பினாள். தன்னார்வலர்கள், சம்பளம் இல்லை, நாய்க்கு முடியாத நாளும் இருக்கும், எல்லாம் புரிகிறது. வாசலில் ஒரு சாக்பீஸ் பலகையில் எழுதிவைக்க எவ்வளவு செலவாகும்? இன்னொன்று, நாய் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு என்று தனி இடம் இல்லை. புகையைச் சுவாசித்து ஏற்கெனவே இன்ஹேலரும் கையுமாக இருந்த ஒரு பையனை அவன் அம்மா கூடத்தின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு மாற்றி மாற்றி உட்கார வைத்ததைப் பார்த்தேன். இது ஏற்பாட்டாளர்கள் யோசித்திருக்க வேண்டிய விஷயம்.

அதைவிட மோசம் போலி ஆட்கள். ஒரு நாள் ஒருவர் பெரிய நாயோடு உள்ளே வந்துவிட்டார், நாய் மேல் "தெரபி டாக்" என்று எழுதிய உடுப்பு. அந்த உடுப்பு ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நாய் அவரை இழுத்துக்கொண்டு போனது, கருப்பனைப் பார்த்துக் குரைத்தது, ஒரு குழந்தை நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டது. அடையாள அட்டை கேட்டால் இல்லை, நல்ல எண்ணத்தில்தான் வந்தேன் என்கிறார். நல்ல எண்ணம்தான், சந்தேகமே இல்லை. நிஜ ஹேண்ட்லர்களிடம் அமைப்பின் பெயரோடு அட்டை இருக்கும், காப்பீடு இருக்கும், யாரோ அழைத்துத்தான் வந்திருப்பார்கள், தாங்களாகக் கிளம்பி வர மாட்டார்கள். கேளுங்கள், கேட்பதில் அவர்களுக்குக் கோபம் வராது. போட்டோ எடுப்பவர்களைப் பற்றிச் சொன்னால் நீளும். அழுதுகொண்டிருக்கும் ஒரு பெண் நாயின் கழுத்தில் முகம் புதைத்திருக்கும்போது மூன்றடி தள்ளி நின்று செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறவர்களுக்கு நாய் என்ன ஆறுதல் சொல்லும்?

பலன் உண்டா என்று கேட்டால், உண்டு, ஓரளவுக்கு. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது: பத்து நிமிடம் நாய் பூனையைத் தொட்டுத் தடவியவர்களின் எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன், சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிடக் குறைந்திருந்தது. பரீட்சைக் கவலையில் இருக்கும் மாணவர்களுக்கும் வீட்டை இழந்தவர்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது, அதை வைத்து நாய் தொட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராத்திரி தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் வாரக்கணக்கில் போனால் அதற்கு மனநல மருத்துவர்தான். நண்பரின் மகளுக்கும் ஆலோசகர் தேவைப்பட்டார், முதல் நாள் அவர் அறைக்குள் போக அவள் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் கருப்பனின் படம் போட்ட சின்ன அட்டை, ஹேண்ட்லர்கள் ஆளுக்கொன்று கொடுப்பார்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனாள்.

ஆக, நாய்க்கும் ஹேண்ட்லருக்கும் ஐந்துக்கு ஐந்து. பலகை இல்லாததற்கும், ஒவ்வாமைக்காரர்களை மறந்ததற்கும், வாசலில் அட்டை பார்க்காமல் உள்ளே விட்டதற்கும் ஏற்பாட்டில் ஒன்றரை வெட்டு. உங்கள் பள்ளிக்கோ அலுவலகத்துக்கோ இப்படி ஒரு இழப்பு நேர்ந்தால், அமெரிக்காவில் இருப்பவர்கள் பெட் பார்ட்னர்ஸ், ஹோப் போன்ற அமைப்புகளிடம் கேட்கலாம், கட்டணம் கிடையாது. உள்ளூர் விலங்குக் காப்பகத்திலேயே விசாரித்தாலும் வழி சொல்வார்கள். போகும்போது கையில் தின்பண்டத்தோடு நாயிடம் போகாதீர்கள், திராட்சை, சாக்லேட், வெங்காயம் எல்லாம் நாய்க்கு விஷம், நம் வீட்டு உப்புமாவில் வெங்காயம் இல்லாமல் இருக்காது. தங்கள் நாயையே இதற்கு அனுப்பலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல், பச்சை இறைச்சி கொடுத்து வளர்க்கும் நாயைப் பெட் பார்ட்னர்ஸ் சேர்ப்பதில்லை, கிருமி நோயாளிகளுக்குப் பரவும் என்பதால். கோழியை வேகவைத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள்.